பேனாவும் விரலும் ஒரே திரையில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டேப்லெட்டில் பேனாவால் எழுதுவதும் அதே பக்கத்தை விரலால் நகர்த்துவதும் இன்று யாருக்கும் வியப்பில்லை. ஆனால் இந்த இரண்டையும் ஒரே பரப்பில் சண்டையில்லாமல் வேலை செய்ய வைப்பதற்குப் பின்னால் அறுபது ஆண்டுக்கும் மேலான ஆராய்ச்சி இருக்கிறது. இந்தத் துறைக்குப் புதிதாக வரும் மாணவர்களும் ஆப் எழுதுகிறவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்கள் ஒரே நீளத்தில் இருக்காது. பிடித்த இடங்களில் கொஞ்சம் அதிகமாகவே பேசியிருக்கிறேன்.

ஊடாடும் பரப்பு என்று எதைச் சொல்கிறீர்கள்?

படம் தெரிகிற இடமும் கை படுகிற இடமும் ஒன்றாக இருந்தால் அது ஊடாடும் பரப்பு. போன், டேப்லெட், சுவரில் மாட்டிய பெரிய திரை, படுக்கை வாட்டில் கிடக்கும் மேசைத் திரை எல்லாம் இதில் அடங்கும். மவுஸ் இந்தக் கணக்கில் வராது. அங்கே கை ஓரிடத்தில் நகர, அம்பு இன்னோர் இடத்தில் நகரும். திரையில்லாத வரைபலகையும் அப்படித்தான்.

விரலே போதுமே, பேனா எதற்கு?

2007இல் ஐபோனை அறிமுகப்படுத்தியபோது ஸ்டீவ் ஜாப்ஸ் இதைத்தான் மேடையில் கேட்டார்: ஸ்டைலஸ் யாருக்கு வேண்டும்? உள்ளங்கையில் அடங்கும் ஒரு போனுக்கு அது சரியான கேள்வி. எட்டு ஆண்டு கழித்து, 2015இல், அதே நிறுவனம் ஐபேடுக்கு ஒரு பென்சில் வெளியிட்டது. இதை முரண்பாடு என்று கேலி செய்பவர்கள் உண்டு, எனக்கு அப்படித் தோன்றவில்லை. போனில் பெரும்பாலும் செய்வது தேர்ந்தெடுப்பது, தள்ளுவது, பெரிதாக்குவது. அதற்கு விரல் போதும். எழுதுவதும் வரைவதும் வேறு வகை வேலை.

விரலின் குறை அதன் தடிமன் மட்டும் இல்லை. தொடவேண்டிய பொருளை விரலே மறைத்துவிடுகிறது. இன்னொரு நுணுக்கமான சிக்கலை கிறிஸ்டியன் ஹோல்ஸும் பேட்ரிக் பௌடிஷும் 2010, 2011ஆம் ஆண்டு ஆய்வுகளில் காட்டினார்கள். நாம் குறி பார்ப்பது விரலின் மேல்பக்கத்தை, அதாவது நகமும் விரல் விளிம்பும் தெரியும் பக்கத்தை வைத்து. திரை அளப்பதோ கீழ்ப்பக்கத்தில் தட்டையாகப் படியும் சதையின் மையத்தை. இரண்டுக்கும் இடையே சில மில்லிமீட்டர் விலகல் வரும். விரலின் சாய்வு மாறினால் விலகலும் மாறும். ஆக, "குறி தவறிவிட்டது" என்று நாம் நினைக்கும் பல தருணங்களில் கை சரியாகத்தான் போயிருக்கிறது. அளந்த இடம்தான் வேறு.

பேனாவில் இந்தக் குழப்பம் குறைவு. முனை எங்கே என்று கண்ணுக்கும் தெரியும், கருவிக்கும் தெரியும்.

முதலில் வந்தது பேனாவா, தொடுதிரையா?

பேனா. ஐவன் சதர்லாண்ட் எம்ஐடியில் 1963இல் சமர்ப்பித்த ஸ்கெட்ச்பேட் ஆய்வில், திரையின் மேலேயே ஒளிப்பேனாவை வைத்துக் கோடு வரைந்தார். மறுஆண்டு ராண்ட் நிறுவனத்தின் டேப்லெட் வந்தது. பத்து அங்குலச் சதுரம், அங்குலத்துக்கு 100 கோடு, மொத்தம் பத்து லட்சம் புள்ளிகள். தொடுதிரை பற்றிய தொடக்கக் கட்டுரைகளில் ஒன்றை இங்கிலாந்தின் ராயல் ரேடார் நிலையத்திலிருந்து ஈ. ஏ. ஜான்சன் 1965இல் எழுதினார். 1972இல் பிளேட்டோ 4 என்ற கல்விக் கணினியின் திரையில் அகச்சிவப்புக் கதிர்களால் ஆன 16க்கு 16 கட்டம் இருந்தது. விரல் கதிரை மறித்தால் எந்தக் கட்டம் என்று தெரிந்துவிடும். பல விரல்களை ஒரே நேரத்தில் உணரும் கருவிகளை டொரொண்டோ பல்கலைக்கழகத்தில் 1980களிலேயே செய்துவிட்டார்கள். நிமிஷ் மேத்தாவின் வேலை 1982, பில் பக்ஸ்டனும் கூட்டாளிகளும் செய்த டேப்லெட் 1985.

ஸ்கெட்ச்பேட் படங்களைப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் ஒளிப்பேனாவைத்தான் கவனிப்பார்கள். சதர்லாண்டின் இடக்கையையும் பாருங்கள். அது ஒரு பொத்தான் பெட்டியின் மேல் இருக்கும். வலக்கை வரைய, "இது வட்டம், இதை நகர்த்து, இதை அழி" என்று இடக்கை சொல்லிக்கொண்டிருக்கும். இன்றைய பேனா–தொடுகை ஆராய்ச்சியின் பாதி அந்தப் படத்திலேயே இருக்கிறது என்பேன்.

இரண்டு கைகளைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

ஊசியில் நூல் கோர்க்கும்போது கவனித்துப் பாருங்கள். ஒரு கை ஊசியைப் பிடித்து நிறுத்துகிறது, இன்னொரு கை நூலைச் செலுத்துகிறது. கத்தரிக்கோலால் காகிதம் வெட்டும்போதும் வெட்டும் கையை விட, காகிதத்தைத் திருப்பிக் கொடுக்கும் கைதான் வளைவைத் தீர்மானிக்கிறது. இரு கைகளும் வேலையைச் சரிபாதியாகப் பிரித்துக்கொள்வதில்லை. பங்கு வேறுவேறு.

பிரெஞ்சு உளவியலாளர் ஈவ் கியார் 1987இல் இதை ஒரு கொள்கையாக எழுதினார். வலக்கைக்காரரை எடுத்துக்கொண்டால், இடக்கை முதலில் நகர்ந்து களத்தை அமைக்கும். வலக்கை அந்தக் களத்துக்குள் நுண்ணிய வேலையைச் செய்யும். இடக்கையின் அசைவு பெரிது, மெதுவானது. வலக்கையின் அசைவு சிறிது, வேகமானது.

இதற்கு அவர் காட்டிய சான்று எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு தாளில் எழுதச் சொல்கிறார்கள். தாளுக்கு அடியில், எழுதுபவருக்குத் தெரியாமல் கார்பன் தாளும் இன்னொரு தாளும் மேசையோடு அசையாமல் இருக்கின்றன. எழுதி முடித்த மேல்தாளில் பக்கம் முழுக்க எழுத்து. அடித்தாளில் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரு சிறு பகுதிக்குள் குவிந்து கிடக்கின்றன. அதாவது வலக்கை மேசையின் ஒரு சின்ன இடத்தை விட்டு நகரவே இல்லை. தாளை மேலே மேலே தள்ளிக்கொண்டிருந்தது இடக்கை. தாளை இடக்கையால் நகர்த்தக்கூடாது என்று தடுத்தால் எழுதும் வேகம் சுமார் 20 சதவீதம் குறைகிறது என்ற முடிவையும் அதே கட்டுரை எடுத்துக்காட்டுகிறது.

எழுதுவது ஒரு கை வேலை என்று நாம் எல்லோரும் நினைக்கிறோம். திரையை வடிவமைத்தவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். அதனால்தான் பல ஆண்டுகள் பேனா டேப்லெட்களில் இடக்கை, கருவியைத் தாங்கிப் பிடிப்பதைத் தவிர வேறொன்றும் செய்ய வழியில்லாமல் இருந்தது.

"பேனா எழுதும், தொடுகை நகர்த்தும்" என்கிறார்களே, அது எங்கிருந்து வந்தது?

மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிப் பிரிவில் கென் ஹிங்க்லியும் கூட்டாளிகளும் 2010இல் யுஐஎஸ்டி (UIST) என்ற இடைமுக ஆராய்ச்சி மாநாட்டில் வெளியிட்ட கட்டுரையின் சாரம் அது. முழு வாக்கியத்தில் மூன்றாவது பகுதி ஒன்று உண்டு: இரண்டும் சேர்ந்தால் புதிய கருவிகள் பிறக்கும்.

அவர்கள் கணினியிலிருந்து தொடங்கவில்லை. ஆட்களுக்குக் காகித நோட்டும் பேனாவும் வெட்டிய படத் துண்டுகளும் கொடுத்து, வேலை செய்வதைக் கவனித்தார்கள். படத்தை எடுக்க வேண்டுமென்றால் ஆட்கள் பேனாவைக் கீழே வைப்பதில்லை. விரல்களுக்கு நடுவே செருகிக்கொண்டு அதே கையால் படத்தை எடுக்கிறார்கள், மறுபடி பேனாவை முன்னால் கொண்டுவருகிறார்கள். ஒரு துண்டை இடக்கையில் பிடித்தபடியே வலக்கையால் எழுதுகிறார்கள்.

இதிலிருந்து மேசைத் திரை ஒன்றில் ஒரு மாதிரியைச் செய்தார்கள். பேனா மட்டும் பட்டால் மை. விரல் மட்டும் பட்டால் நகர்த்தல், பெரிதாக்கல். ஒரு படத்தை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு பேனாவைக் குறுக்கே இழுத்தால் படம் இரண்டாக வெட்டுப்படும். பிடித்த படத்திலிருந்து பேனாவை வெளியே இழுத்தால் ஒரு நகல் உரிந்து வரும். பிடித்த படத்தின் விளிம்பை ஒட்டிப் பேனாவை ஓட்டினால் அந்த விளிம்பே அடிக்கோல்.

இதில் மெனுவே இல்லை என்பதைக் கவனியுங்கள். "வெட்டும் கருவி" என்று எங்கும் பொத்தான் கிடையாது. இடக்கை பிடித்திருக்கிறதா இல்லையா என்பதே பேனாவின் அடுத்த கோட்டுக்குப் பொருள் தருகிறது. விட்டதும் பேனா மறுபடி பேனாதான். இந்த "விட்டதும்" என்பதில்தான் சூட்சுமம். எந்த நிலையில் இருக்கிறோம் என்று நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை, கையின் தசையே நினைவூட்டிக்கொண்டிருக்கும்.

பேனாவும் விரலும் சேர்வது, இரண்டு பேனாவையோ இரண்டு கை விரல்களையோ விட நல்லது என்று பீட்டர் பிராண்டல் குழு 2008லேயே ஒரு சோதனையில் ஒப்பிட்டுக் காட்டியிருந்தது. எனவே ஹிங்க்லி குழுவின் பங்கு "இரண்டும் வேண்டும்" என்று சொன்னது மட்டுமில்லை. எதற்கு எது என்று வேலையைப் பிரித்துக் கொடுத்ததும், சேரும்போது என்ன ஆகலாம் என்று காட்டியதும்தான்.

பட்டது பேனாவா விரலா என்று திரைக்கு எப்படித் தெரியும்?

அது எந்த வகைத் திரை என்பதைப் பொறுத்தது.

போன், டேப்லெட்களில் கண்ணாடிக்கு அடியில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய மின்கம்பி வலை இருக்கிறது. விரல் அருகே வந்தால் இரு கம்பிகளுக்கு இடையேயான மின்தேக்கம் சற்று மாறும், அதை அளக்கிறார்கள். ரப்பர் முனை வைத்த மலிவான ஸ்டைலஸ் இதை ஏமாற்றும் ஒரு செயற்கை விரல், அவ்வளவுதான். திரைக்கு வித்தியாசம் தெரியாது. மின்கலம் உள்ள பேனாக்கள் தாமே ஒரு சமிக்ஞை அனுப்புகின்றன, அதனால் அடையாளம் தெரிந்துவிடும்.

வரைபலகைகள் செய்யும் வாகாம் (Wacom) நிறுவனம் பெயர்பெற்ற முறை வேறு. திரைக்கு அடியில் உள்ள பலகை மின்காந்த அலையை அனுப்பும். பேனாவுக்குள் இருக்கும் சுருள் அந்த ஆற்றலை வாங்கிக்கொண்டு பதில் அனுப்பும். பேனாவுக்கு மின்கலமே வேண்டாம். திரையைத் தொடாமல் ஒரு சென்டிமீட்டர் அளவு உயரத்தில் இருக்கும்போதே பேனா எங்கே என்று தெரியும். இந்த "மேலே மிதக்கும்" நிலை மிக முக்கியமான தகவல்.

மூன்றாவது, ஒளியும் கேமராவும். 2005இல் ஜெஃப் ஹான் காட்டிய முறையில், அக்ரிலிக் தகட்டுக்குள் ஓரத்திலிருந்து அகச்சிவப்பு ஒளி பாயும். விரல் பட்ட இடத்தில் அது கீழே சிதறும், அடியில் உள்ள கேமரா அதைப் பார்க்கும். செய்வது எளிது, செலவு குறைவு. அதனால் பல ஆய்வகங்களில் மாணவர்களே மேசைத் திரை கட்டினார்கள்.

எழுதும்போது உள்ளங்கை பட்டால் கோடு விழுகிறதே, இதற்கு இன்னும் தீர்வில்லையா?

இந்தப் பக்கத்திலேயே கடினமான கேள்வி இதுதான். எழுதுகிறவர் உள்ளங்கையைப் பரப்பின்மேல் ஊன்றத்தான் செய்வார். ஊன்றாமல் எழுதினால் இரண்டு நிமிடத்தில் மணிக்கட்டு வலிக்கும். திரைக்கு வருவதோ ஒரு தொடுகைச் செய்தி. அது கட்டளையா, ஓய்வா? கையின் நோக்கம் திரைக்குத் தெரியாது, அழுத்தமும் வடிவமும் நேரமும்தான் தெரியும்.

எளிய வழி, பேனா அருகில் இருந்தால் தொடுகையை முழுவதும் அணைத்துவிடுவது. பல கருவிகள் இப்படிச் செய்தன. கோடு விழுவது நிற்கும். கூடவே, மேலே சொன்ன பிடித்தல், வெட்டுதல், நகல் எடுத்தல் எல்லாமே செத்துவிடும். இடக்கை விரலும் தொடுகைதானே! நோய்க்கு மருந்து கொடுத்து நோயாளியை முடித்த கதை.

அடுத்தது, பரப்பளவைப் பார்ப்பது. பெரிய கறை உள்ளங்கை, சிறிய கறை விரல் நுனி. பாதி நேரம் சரிவரும். ஆனால் உள்ளங்கை முதலில் படும் கணத்தில் அதுவும் சிறு புள்ளிதான். சுண்டுவிரல் பக்கம் துண்டு துண்டாகப் பட்டால் நான்கைந்து விரல்கள் போலவே தெரியும். பேனா மிதப்பதை வைத்துக் கண்டுபிடிக்கலாமே என்றால், பலருக்கு உள்ளங்கை முதலில் இறங்கி, அப்புறம்தான் பேனா முனை எட்டும் தொலைவுக்கு வரும்.

கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஜூலியா ஷ்வார்ஸும் கூட்டாளிகளும் 2014இல் சொன்ன வழி யோசனையைத் திருப்பிப் போட்டது. தொட்ட கணத்தில் தீர்ப்பு சொல்லவேண்டியதில்லை. முதலில் ஓர் ஊகம். அடுத்தடுத்த கணங்களில் அதே தொடுகையின் வடிவம், நகர்வு, அக்கம்பக்கத் தொடுகைகள் ஆகியவற்றை வைத்து மீண்டும் மீண்டும் வாக்களிப்பு. பெரும்பான்மை மாறினால் போட்ட கோட்டை அழித்துவிடு, அல்லது மறைத்த கோட்டைக் காட்டு. மனிதக் கண்ணுக்கு அந்தக் குறுகிய நேரத் திருத்தம் பெரிதாக உறுத்தாது.

நான் செய்த ஒரு மாதிரியில் "தொடுகை விரலா உள்ளங்கையா" என்று மட்டும் கவனமாகப் பிரித்துவிட்டு வெற்றி என்று நினைத்துக்கொண்டேன். சோதனைக்கு வந்தவர்கள் என் உள்ளங்கையைப் போல ஊன்றவில்லை. ஒருவர் கையை முஷ்டியாக மடக்கி எழுதினார், ஒருவர் முழங்கையையே திரை ஓரத்தில் வைத்தார். இன்னொருவர், கோடு விழுமோ என்ற பயத்தில் கையைத் தூக்கிப் பிடித்தே எழுதினார். பழைய கருவிகள் அவருக்குப் பழக்கிவிட்ட பயம் அது. தரவில் அது "பிழை இல்லை" என்று பதிவானது, ஆனால் அவர் கை வலித்ததுதான் பிழை.

தாமதம் எவ்வளவு இருந்தால் பரவாயில்லை?

முதலில் கணக்கைப் பாருங்கள். பேனா நொடிக்கு 20 சென்டிமீட்டர் வேகத்தில் போகிறது, தாமதம் 50 மில்லிநொடி என்றால், மை முனையிலிருந்து ஒரு சென்டிமீட்டர் பின்னால் வரும். மவுஸில் இதே தாமதம் தெரியாது, ஏனென்றால் கையும் அம்பும் பக்கத்தில் இல்லை. பேனாவில் முனையும் மையும் ஒரே இடத்தில் இருப்பதால் இடைவெளி பளிச்சென்று தெரிகிறது.

2012இல் மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சியாளர்கள் சுமார் 1 மில்லிநொடி வரை தாமதத்தைக் குறைத்த ஒரு சோதனைக் கருவியைக் காட்டினார்கள். விரலால் ஒரு பெட்டியை இழுக்கும்போது, சராசரியாக 6 மில்லிநொடி அளவு தாமதத்தைக் கூட ஆட்கள் பிரித்தறிந்தார்கள். நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும் திரையில் ஒரு சட்டத்துக்கே (ஃப்ரேம்) 16 மில்லிநொடிக்கு மேல் ஆகிவிடுகிறது என்பதோடு இதை ஒப்பிடுங்கள்.

ஆனால் கண்டுபிடிக்க முடிவது வேறு, வேலை கெடுவது வேறு. எழுதும்போதும் வரையும்போதும் ஆட்கள் இதைவிடப் பெரிய தாமதத்தையும் கவனிப்பதில்லை. கை முனையை மறைக்கிறது, கவனம் எழுத்தின் வடிவத்தில் இருக்கிறது. அதனால் "6 மில்லிநொடிக்குள் இல்லாவிட்டால் பேனா வீண்" என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். எந்த வேலைக்கு என்று திருப்பிக் கேளுங்கள்.

குறைக்க இரண்டு வழி. ஒன்று, உணரியிலிருந்து திரை வரை உள்ள ஒவ்வொரு நிறுத்தத்தையும் சுருக்குவது: அடிக்கடி அளப்பது, இடையில் காத்திருக்கும் வரிசைகளைக் குறைப்பது. இரண்டாவது ஊகம். கடந்த சில புள்ளிகளின் வேகத்தை வைத்து அடுத்த புள்ளி எங்கே வரும் என்று கணித்து முன்கூட்டியே மையைப் போடுவது. நேர்கோட்டில் அழகாக வேலை செய்யும். சட்டென்று திரும்பும் இடத்தில் மை திருப்பத்தைத் தாண்டி ஓடி, பிறகு பின்வாங்கும். சுழி நிறைந்த தமிழ் எழுத்துகளை வேகமாக எழுதும்போது இந்த நடுக்கத்தை நன்றாகவே பார்க்கலாம். என் கருத்தில், கொஞ்சம் பின்தங்கும் மையைக் கூடப் பொறுக்கலாம். முன்னால் ஓடிப் பொய் சொல்லும் மையைப் பொறுக்க முடியாது.

எழுதுவதிலிருந்து தேர்ந்தெடுப்பதற்கு மாற எந்த வழி நல்லது?

2005இல் யாங் லீ, ஹிங்க்லி உள்ளிட்டோர் ஐந்து வழிகளை ஒப்பிட்டார்கள்: பேனாவின் பக்கவாட்டுப் பொத்தான், பேனாவைத் திருப்பி அழிப்பான் முனையால் தொடுவது, அழுத்திக் காத்திருப்பது, அழுத்தத்தைக் கூட்டுவது, மறுகையால் ஒரு பொத்தானைப் பிடிப்பது. வேகத்தில் மறுகைப் பொத்தான்தான் முன்னே நின்றது. சதர்லாண்டின் இடக்கை நினைவுக்கு வருகிறதா?

அழுத்திக் காத்திருப்பது மிக மெதுவானது. இருந்தும் இன்றும் பல ஆப்களில் அதுதான் இருக்கிறது, கூடுதல் வன்பொருள் வேண்டாம் என்பதால்.

மறுகை சும்மா இல்லாத சூழலில் குறிமெனு நல்ல வழி. கார்டன் கர்டன்பாக்கும் பக்ஸ்டனும் 1990களில் வளர்த்த யோசனை. பேனாவை வைத்து ஒரு கணம் தயங்கினால் வட்டமாக மெனு விரியும், ஒரு திசையில் இழுத்துத் தேர்ந்தெடுக்கலாம். பழகியவர் தயங்காமல் அதே திசையில் ஒரு கீற்றுப் போட்டால் போதும், மெனு தோன்றவே தோன்றாது. புதியவர் செய்யும் அதே அசைவுதான் தேர்ந்தவர் செய்யும் அசைவும். விசைப்பலகைக் குறுக்குவழிகளுக்கு இந்த நற்குணம் கிடையாது.

சைகைகளை வடிவமைப்பாளரே தீர்மானித்தால் என்ன?

தீர்மானிக்கலாம், ஆனால் பாதி வழியில் நின்றுவிடுவீர்கள். ஜேக்கப் வாப்ராக், மெரிடித் மோரிஸ், ஆண்ட்ரூ வில்சன் மூவரும் 2009இல் 20 பேரிடம் 27 செயல்களின் விளைவைக் காட்டி, "இது நடக்க நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார்கள். ஒரு கையால் ஒரு முறை, இரு கைகளால் ஒரு முறை, மொத்தம் 1,080 சைகைகள் கிடைத்தன. எத்தனை விரல் என்பதைப் பற்றி மக்கள் பெரிதாகக் கவலைப்படவில்லை. பெரும்பாலும் ஒரு கையே போதும் என்றார்கள். ஆய்வாளர்கள் மூவரும் தாமே முன்கூட்டி யோசித்து வைத்திருந்த சைகைகள், மக்கள் தந்த தொகுப்பில் சுமார் 60 சதவீதத்தைத்தான் தொட்டன.

இரண்டு விரலுக்கு ஒரு பொருள், மூன்று விரலுக்கு வேறு பொருள் என்று வடிவமைக்கிறவர்கள் இந்த முடிவைச் சுவரில் ஒட்டிவைத்துக்கொள்ளலாம்.

கையெழுத்தை எழுத்தாக மாற்றுவதும் இந்தத் துறையில் வருமா?

அண்டை வீடு. கோடு எந்த வரிசையில் வந்தது என்ற தகவல் பேனாவிடம் இருப்பதால், ஸ்கேன் செய்த படத்தைப் படிப்பதைவிட இது ஒருவகையில் எளிது. ஆனால் அந்த வரிசையே சில நேரம் சிக்கல். "கொ" எழுதும்போது கை முதலில் கொம்பைப் போடுகிறது, பிறகு க, பிறகு கால். கணினியின் ஒருங்குறியில் க முதலில், உயிர்க்குறி அடுத்து. கை போன வரிசையைப் புரிந்துகொண்டு மாற்றி அடுக்கவேண்டும்.

எளிய சைகைகளை உணர மட்டும் வேண்டுமென்றால் பெரிய ஏற்பாடு வேண்டாம். 2007இல் வாப்ராக், வில்சன், யாங் லீ மூவரும் வெளியிட்ட "ஒரு டாலர்" உணரி ஏறக்குறைய நூறு வரி நிரல்தான். கோட்டை 64 சமதூரப் புள்ளிகளாக்கு, திருப்பு, ஒரே அளவாக்கு, முன்பே சேமித்த மாதிரிக் கோடுகளோடு தூரத்தை ஒப்பிடு. முடிந்தது.

பெரிய மேசைத் திரையைச் சுற்றிப் பலர் உட்கார்ந்தால்?

தொட்டது யார் என்பது உடனே கேள்வியாகிவிடும். மிட்சுபிஷி ஆய்வகத்தின் டயமண்ட்டச் மேசை, 2001இல் பால் டீட்ஸும் டேரன் லீயும் வெளியிட்டது, இதை வேடிக்கையான முறையில் தீர்த்தது. மேசையின் ஒவ்வோர் ஆன்டெனாவும் வேறுவேறு சமிக்ஞை அனுப்பும். தொடுகிறவரின் உடல் வழியே அது அவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்குப் போய்ச் சேரும். எந்த நாற்காலிக்கு எந்தச் சமிக்ஞை வந்தது என்று பார்த்தால் யார் எங்கே தொட்டார் என்று தெரியும். எழுந்து நின்றால் ஆட்டம் முடிந்தது.

ஸ்டேசி ஸ்காட் குழு 2004இல் கவனித்தது இன்னொன்று. யாரும் சொல்லாமலே மக்கள் மேசையைப் பிரித்துக்கொள்கிறார்கள்: எனக்கு முன்னால் உள்ளது என் இடம், நடுவில் பொது இடம், ஓரத்தில் சாமான் குவிக்கும் இடம். ஒருவர் முன்னால் இருப்பதை அடுத்தவர் கேட்காமல் எடுப்பதில்லை. பெரிய திரைக்கு ஆப் எழுதினால் அடுத்தவரின் முன்னால் போய் ஒரு மெனுவைத் திறந்துவிடாதீர்கள்.

சுவர்த் திரையில் எழுதினால் கை வலிக்கிறதே?

வலிக்கும். ஆதரவில்லாமல் தூக்கிய கை சீக்கிரம் களைக்கும், இதற்குக் "கொரில்லாக் கை" என்றே செல்லப்பெயர் உண்டு. திரையைச் சாய்த்து வையுங்கள், பொத்தான்களைக் கைக்கு எட்டும் உயரத்துக்கு வரவழைக்க வழி கொடுங்கள்.

இடக்கையால் எழுதுகிறவர்களுக்கு?

மேலே "வலக்கை", "இடக்கை" என்று எழுதிய எல்லா இடங்களிலும் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள், கொள்கை மாறாது. மெனுதான் மாறவேண்டும். பேனா முனைக்கு வலப்புறம் கீழே விரியும் மெனு, வலக்கைக்காரரின் கைக்கு அடியிலேயே ஒளிந்துகொள்கிறது. இடப்புறம் விரிந்தால் இடக்கைக்காரருக்கு அதே தொல்லை. எந்தக் கை என்று கேட்டு வைத்துக்கொள்வது ஒரு வரி வேலை.

ஒரு புதிய உத்தி நல்லதா என்று எப்படிச் சோதிப்பார்கள்?

குறி பார்த்துத் தொடுவதற்குப் பெரும்பாலும் ஃபிட்ஸ் விதி. இலக்கு சிறிதானால் அல்லது தூரமானால் நேரம் கூடும், எவ்வளவு கூடும் என்பதைச் சொல்லும் சமன்பாடு. பால் ஃபிட்ஸ் 1954இல் செய்த மூலச் சோதனையே ஒரு பேனா சோதனைதான் என்பது பலருக்குத் தெரியாது. இரண்டு உலோகத் தகடுகளை ஓர் உலோக ஸ்டைலஸால் மாறி மாறித் தட்டச் சொன்னார். ஒரு ஸ்டைலஸின் எடை ஒரு அவுன்ஸ், இன்னொன்று ஒரு பவுண்டு. குறுகிய பாதைக்குள் கோடு விடாமல் இழுப்பதற்கு ஜானி அக்கோவும் ஷுமின் சாயும் 1997இல் தந்த வழிநடத்தல் விதி இருக்கிறது.

இந்த எண்களோடு நிறுத்திவிடுவதுதான் பல கட்டுரைகளின் பலவீனம். தனித்தனித் தட்டல்களில் வேகமாக இருக்கும் உத்தி, எழுதிக்கொண்டே இடையில் பயன்படுத்தும்போது யோசனையை அறுக்கலாம். வீடியோ எடுங்கள், கையைப் பாருங்கள். பேனாவை எத்தனை முறை கீழே வைத்தார் என்று எண்ணுவதே ஒரு நல்ல அளவு.

நானே முயன்று பார்க்க எங்கிருந்து தொடங்குவது?

பிரவுசர் போதும். பாயின்டர் ஈவென்ட்ஸ் என்ற தரநிலை, வந்தது பேனாவா, விரலா, மவுஸா என்று ஒவ்வொரு நிகழ்விலும் சொல்லும். பேனா என்றால் அழுத்தம் 0 முதல் 1 வரை ஓர் எண்ணாகவும், சாய்வு பாகைகளாகவும் வரும், கருவி அனுப்பினால். முதல் பயிற்சியாக, பேனா வந்தால் கோடு வரை, விரல் வந்தால் பக்கத்தை நகர்த்து என்று மட்டும் எழுதுங்கள். இரண்டாவதாக, விரல் ஒரு படத்தைப் பிடித்திருக்கும்போது பேனா என்ன செய்யவேண்டும் என்று ஒன்றே ஒன்றைச் சேருங்கள்.

வரைபரப்பில் டச்-ஆக்‌ஷன் என்ற பண்பை அணைக்க மறந்தால், நீங்கள் கோடு போடும் நேரத்தில் பிரவுசர் பக்கத்தை உருட்டப் போய்விடும். அதேபோல் "ரத்து" நிகழ்வையும் கையாளுங்கள். கருவி ஒரு தொடுகையை உள்ளங்கை என்று பின்னால் புரிந்துகொண்டால் அந்தச் செய்தியைத்தான் அனுப்பும், அது வந்ததும் அதுவரை அந்தத் தொடுகை செய்ததைத் திரும்பப் பெறவேண்டும். இதை விட்டுவிட்டு, பக்கத்தில் எங்கிருந்தோ வந்த புள்ளிகளுக்கும் தானாக நகர்ந்த படங்களுக்கும் காரணம் தேடி நான் ஒரு முழு நாளைச் செலவழித்திருக்கிறேன்.